பிறர் மூட்டிய போரில் எரியும் ஏழை உயிர்கள்

2024 மார்ச் 4 அன்று, இஸ்ரேலின் வட எல்லையில் உள்ள மார்கலியோட் என்னும் குடியிருப்பின் விளைநிலத்தில் லெபனானிலிருந்து ஏவப்பட்ட ஏவுகணை ஒன்று விழுந்தது. அங்கு விவசாய வேலை செய்துகொண்டிருந்த கேரளத் தொழிலாளர்களில் கொல்லத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர் உயிரிழந்தார். இந்தியத் தொழிலாளர் இருவர் காயமுற்றனர், இருவருமே கேரளத்தவர், அவர்களுள் ஒருவர் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்தவர். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், 2021 மே 11 அன்று, முதியோரைப் பராமரிக்கும் வேலைக்காகச் சென்றிருந்த இடுக்கி மாவட்டப் பெண் ஒருவர் அஷ்கெலான் நகரில், காசாவிலிருந்து வந்த ராக்கெட்டுக்கு இரையானார். தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களின் மலைச்சரிவுகளுக்கு மேற்காசியப் போர் தொலைதூரச் செய்தியாக இருந்த காலம் முடிந்துவிட்டது.

மார்கலியோட்டில் விழுந்த ஏவுகணையை ஏவியது ஹிஸ்புல்லா என இஸ்ரேல் அறிவித்தது. ஈரானின் பணமும் ஆயுதமும் பெற்று, லெபனானின் எல்லைக்கு அப்பாலும் சென்று போரிட்ட ஷியா அமைப்பு அது. அதன் அணிகளில் நிற்போர் பெரும்பாலும் தென் லெபனானின் புகையிலை விவசாயிகளின் பிள்ளைகள். பெய்ரூட்டின் தென்புறச் சேரிகளில் வளர்ந்தவர்கள். ஏவுகணைக்கு இரையானவரோ, பாலஸ்தீனத் தொழிலாளர்களுக்கு வேலை மறுக்கப்பட்ட நாட்டில் வயிற்றுப்பாட்டுக்காக நிலத்தில் இறங்கியவர். ஏழையின் பிள்ளை ஏவியது ஏழையின் பிள்ளையைக் கொன்றது. இவ்விருவரையும் எதிரெதிரே கொண்டுவந்து நிறுத்தியவர்கள் யார் என்ற கேள்வியைக் கேட்பது இடதுசாரிகளின் கடமை.

பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளின் கட்சிக் கிளைகளில் மேற்காசியா குறித்து இருவிதக் கருத்துகள் எழுகின்றன. அமெரிக்காவையும் இஸ்ரேலையும் எதிர்த்து ஆயுதம் ஏந்தும் எவரும் ஏகாதிபத்திய எதிர்ப்பாளரே, ஆகவே ஈரான் ஆதரவுக் குழுக்களை விமர்சிப்பது எதிரிக்குத் துணைபோவதாகும் என்பது ஒன்று. ஷியாவும் சன்னியும் நூற்றாண்டுகளாக அடித்துக்கொள்பவர்கள், அதில் உழைக்கும் மக்களுக்கு என்ன வேலை என்பது மற்றொன்று. இரண்டுமே வரலாற்றின் சோதனையில் நிற்கக் கூடியவை அல்ல.

ஆக்கிரமிப்பு விதைத்த நஞ்சு

2003இல் அமெரிக்கா ஈராக்கை ஆக்கிரமித்தது. பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகச் சொல்லப்பட்ட பொய் அதற்கு முகாந்திரமாக அமைந்தது. அவ்வாண்டு ஜூலையில் ஆக்கிரமிப்பு நிர்வாகி பால் பிரெமர் 25 பேர் கொண்ட ஆட்சிக் குழுவை நியமித்தார். ஷியா 13, சன்னி அரபியர் 5, குர்துகள் 5, துருக்மேனியர் 1, அசீரியர் 1 எனப் பங்கு பிரிக்கப்பட்டது. ஈராக் கம்யூனிஸ்ட் கட்சியின் செயலாளர் ஹமீத் மஜீத் மூசாவும் அதில் இடம்பெற்றார். ஷியாக்களின் 13 இடங்களுள் ஒன்றாகவே அவரது இடமும் கணக்கிடப்பட்டது. ஒரு கம்யூனிஸ்டைக்கூடப் பிறப்பால் வந்த சமயப் பிரிவைக் கொண்டு அடையாளப்படுத்திய ஏற்பாடு அது. ஆக்கிரமிப்பாளர் அமைத்த மேடையில் ஏறியவர் எவராயினும் அந்த மேடையின் கணக்குக்குள் சிக்காமல் இருக்க முடியாது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஆயுதக் குழுக்கள் வளர்ந்தது இந்த மண்ணில்தான். 1980களில், ஈரான்-ஈராக் போரின்போது ஈரானில் உருவாக்கப்பட்ட பத்ர் அமைப்பு, அமெரிக்கப் படைகள் திறந்துவிட்ட எல்லை வழியாகவே 2003இல் ஈராக்குக்குள் வந்தது. 2005க்குப் பின்னர் அமெரிக்கப் பாதுகாப்பில் அமைந்த அரசின் உள்துறை அமைச்சகத்திலேயே அது வேரூன்றியது. 2006 பிப்ரவரியில் சமர்ரா நகரின் ஷியா புனிதத்தலம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்ட பின்னர், பாக்தாதின் தெருக்களில் பெயரைக் கேட்டு ஆளைக் கொல்லும் கொடுமை பரவியது. அமெரிக்காவும் ஈரானும் ஒன்றையொன்று சபித்துக்கொண்டே ஒரே ஆட்சியைத் தாங்கிப் பிடித்தன. 2014 ஜூனில் மோசூல் நகரம் ஐ.எஸ். அமைப்பிடம் வீழ்ந்ததும், மதத் தலைவர் சிஸ்தானியின் அறைகூவலை ஏற்றுப் பல்லாயிரவர் ஆயுதம் ஏந்தினர். ஹஷ்த் அல் ஷாபி எனப்படும் அப்படைத் திரளில் ஈரான் சார்ந்த குழுக்கள் ஆதிக்கம் பெற்றன. வானில் அமெரிக்க விமானங்களும் தரையில் இக்குழுக்களும் ஒரே எதிரியோடு போரிட்டன.

அந்தப் போரின் சூடு இந்தியாவையும் தொட்டது. திக்ரித் மருத்துவமனையில் சிக்கிய 46 இந்தியச் செவிலியர்களுள் ஏறத்தாழ அனைவரும் கேரளத்தவர். கடன் வாங்கி முகவருக்குக் கட்டிய பணத்தை மீட்பதற்காகவே குண்டுகளுக்கு நடுவிலும் வேலையை விடத் தயங்கியவர்கள். 2014 ஜூலை 5 அன்று அவர்கள் கொச்சிக்குத் திரும்பினர். மோசூலில் பிடிபட்ட 39 கட்டுமானத் தொழிலாளர்களுக்கு அந்த நல்வாய்ப்பு கிட்டவில்லை. பெரும்பாலும் பஞ்சாபியரான அவர்கள் கொல்லப்பட்டதை ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது 2018 மார்ச்சில்தான். நான்கு ஆண்டுகள் அக்குடும்பங்கள் பொய் நம்பிக்கையில் காத்திருந்தன. அதே 2014 ஜூனில், ஈராக்கின் புனிதத்தலங்களைக் காக்கச் செல்வதாகக் கூறி தில்லியில் ஒரு ஷியா அமைப்பு விண்ணப்பப் படிவங்களை வழங்கியபோது ஆயிரக்கணக்கானோர் பெயர் கொடுத்தனர் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

அகதிகளைத் தீனியாக்கிய போர்

2011 மார்ச்சில் சிரியாவின் தரா நகரில் தொடங்கிய மக்கள் எழுச்சி, அசாத் அரசின் துப்பாக்கிச் சூட்டாலும் அந்நியத் தலையீட்டாலும் உள்நாட்டுப் போராக மாறியது. சவூதி அரேபியா, கத்தார், துருக்கி ஆகியவை சன்னி ஆயுதக் குழுக்களுக்குப் பணம் கொட்டின. அமெரிக்க உளவு நிறுவனம் நூறு கோடி டாலருக்கும் மேற்பட்ட செலவில் இரகசியப் பயிற்சித் திட்டம் நடத்தியது. மறுபுறம் ஈரானும் ரஷ்யாவும் அசாத் ஆட்சியைக் காக்க முனைந்தன. 2013இல் குசைர் நகரச் சண்டையில் ஹிஸ்புல்லா வெளிப்படையாக இறங்கியது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மக்கள்தொகையில் பாதிப்பேர் வீடிழந்தனர்.

இந்தப் போரில் மிகக் குறைவாகப் பேசப்படுபவர்கள் ஆப்கானிய ஹசாரா அகதிகள். தாலிபான்களின் ஒடுக்குமுறைக்கும் வறுமைக்கும் தப்பி ஈரானுக்குச் சென்ற ஷியாக்கள் அவர்கள். கட்டுமானத் தளங்களிலும் செங்கல் சூளைகளிலும் கல்லுடைக்கும் இடங்களிலும் உழைத்துப் பிழைத்தனர். பலரிடம் குடியிருப்புச் சான்று கிடையாது. எந்த நேரமும் நாடு கடத்தப்படலாம் என்ற அச்சம் இருந்தது. ஈரானின் புரட்சிக் காவல்படை இவர்களைக் கொண்டு ஃபாத்திமியூன் என்னும் படையை அமைத்தது. மாதம் சில நூறு டாலர் ஊதியம், குடும்பத்துக்குக் குடியிருப்பு உரிமை ஆகியவை கூலியாக அறிவிக்கப்பட்டன. டமாஸ்கஸ் அருகே உள்ள சையிதா ஜைனப் தலத்தைக் காப்பது சமயக் கடமை எனப் போதிக்கப்பட்டது. மறுத்தவர்களுக்கு நாடுகடத்தல் மிரட்டல் விடுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் 2016இலேயே பதிவு செய்தன. 14 வயதுச் சிறுவர்களும் சேர்க்கப்பட்டதற்கு ஈரானியக் கல்லறைகளின் நடுகற்களே 2017இல் சான்றாயின. பாகிஸ்தானின் ஷியாக்களைக் கொண்டு ஜைனபியூன் என்ற படையும் இதே முறையில் அமைக்கப்பட்டது.

அலெப்போ, பால்மைரா, தரா ஆகிய களங்களில் இவர்கள் முன்வரிசையில் நிறுத்தப்பட்டனர். போரில் மாண்ட அயல்நாட்டவரின் குடும்பங்களுக்குக் குடியுரிமை வழங்க ஈரான் நாடாளுமன்றம் 2016இல் சட்டம் செய்தது. உயிரோடு உழைத்தபோது கிட்டாத குடியுரிமை, பிணமானபின் குடும்பத்துக்குக் கிட்டும் என்பதே அச்சட்டத்தின் பொருள்.

2024 டிசம்பர் 8 அன்று அசாத் மாஸ்கோவுக்குத் தப்பினார். பன்னிரண்டு நாள் தாக்குதலில் ஆட்சி சரிந்தது. ஃபாத்திமியூன் படையினர் வந்த வழியே திரும்பினர். அடுத்து நடந்தது கூலிப்படை அரசியலின் உண்மை முகத்தைக் காட்டியது. 2025 ஜூனில் இஸ்ரேலும் அமெரிக்காவும் ஈரான்மீது சட்டவிரோதப் போர் தொடுத்தன. அந்தப் போர் ஓய்ந்த கையோடு, உளவாளிகள் என்ற பழியைச் சுமத்தி ஈரானிய அரசு ஆப்கானியரை வெளியேற்றியது. ஜூன் 24க்கும் ஜூலை 9க்கும் இடையே மட்டும் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எல்லை தாண்டினர். எந்தச் சமூகத்தின் பிள்ளைகளைத் தலத்தின் காவலர் என்று புகழ்ந்து புதைத்தார்களோ, அதே சமூகத்தின் தாய்மாரும் குழந்தைகளும் கொளுத்தும் வெயிலில் இஸ்லாம் காலா எல்லைச் சாவடியில் இறக்கிவிடப்பட்டனர்.

எதிர்த்தரப்பின் முகம்

இதைச் சொல்வதனால் எதிர்த்தரப்பு புனிதமாகிவிடாது. டமாஸ்கஸைப் பிடித்த ஹயாத் தஹ்ரீர் அல் ஷாம், அல் காய்தாவின் கிளையாகப் பிறந்தது. அதன் தலைவர் அல் ஷராவின் தலைக்கு அமெரிக்கா ஒரு கோடி டாலர் விலை வைத்திருந்தது. 2025 மே 14 அன்று ரியாத்தில் டிரம்ப் அவரோடு கைகுலுக்கினார். அதற்கு இரண்டு மாதங்கள் முன்புதான் சிரியாவின் கடலோரத்தில் அலவி சமூகத்தினர் வீடு வீடாகத் தேடிக் கொல்லப்பட்டனர். ஏறத்தாழ 1,400 பேர் மாண்டதாக ஐ.நா. விசாரணை ஆணையம் கூறியது. இஸ்ரேலோ, வாய்ப்பைப் பயன்படுத்திக் கோலான் பகுதிக்கு அப்பாலும் சிரிய மண்ணைப் பிடித்தது. பயங்கரவாதி யார், நண்பர் யார் என்பதை வாஷிங்டன் தன் இலாபக் கணக்கைக் கொண்டே தீர்மானிக்கிறது.

மதப் பிரிவின் பெயரால் ஆள் சேர்க்கும் இந்த நோய் கேரளத்தையும் விட்டுவைக்கவில்லை. 2016இல் காசர்கோடு, பாலக்காடு மாவட்டங்களைச் சேர்ந்த இளைஞர்களும் பெண்களும் குழந்தைகளுமாக 21 பேர் ஆப்கானிஸ்தானின் நங்கர்ஹாருக்குச் சென்று ஐ.எஸ். அமைப்பில் சேர்ந்தனர். அவர்களுள் பலர் அங்கேயே மாண்டனர். இந்நிகழ்வைக் கொண்டு ஒரு சமூகம் முழுவதையும் ஐயத்துக்குரியதாக்கச் சங் பரிவாரம் இன்றளவும் முயல்கிறது. புதுநகரத்திலும் கொல்லங்கோட்டிலும் தலைமுறைகளாகத் தமிழ் பேசி, அண்டை வீட்டாரோடு ஒன்றாய் உழைத்து வாழும் இராவுத்தர் குடும்பங்களுக்கும் நங்கர்ஹாரின் துப்பாக்கிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மதவெறியின் ஓர் உருவத்தை மற்றோர் உருவத்தால் வெல்ல முடியாது.

கர்பலாவின் இரு பொருள்

கர்பலாவில் ஹுசைன் கொல்லப்பட்ட துயரம் ஷியா மக்களின் நெஞ்சில் பதிந்த நினைவு. அந்த நினைவைப் படைக்கு ஆள் பிடிக்கும் முரசாக மாற்றியது அரசுகளின் செயல். உழைக்கும் மக்களின் கையில் அதற்கு வேறு பொருள் இருந்திருக்கிறது. 1884 அக்டோபர் 30 அன்று டிரினிடாட் தீவின் சான் ஃபெர்னாண்டோவில், தடையை மீறி முஹர்ரம் ஊர்வலம் சென்ற கரும்புத் தோட்டத் தொழிலாளர்கள்மீது பிரிட்டிஷ் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. கப்பலேறிச் சென்ற இந்திய ஒப்பந்தக் கூலிகள் அவர்கள். இந்துக்களும் முஸ்லிம்களும் ஒன்றாகவே தாசியாவைச் சுமந்தனர். தோட்ட முதலாளிகள் அஞ்சியது அந்த ஒற்றுமையைத்தான். தஞ்சை மாவட்டம் காசவளநாடு புதூரில் இந்துக்களே முஹர்ரத்தைத் தம் ஊர்த் திருவிழாவாகக் கொண்டாடி வருகின்றனர். லயங்களில் வாழும் மக்களுக்கு எது நெருக்கமான கர்பலா என்பதை விளக்க வேண்டியதில்லை.

மேற்காசியாவிலேயே இந்த மாற்று மரபு வலுவாக இருந்தது. 1982இல் இஸ்ரேல் பெய்ரூட் வரை படையெடுத்தபோது, செப்டம்பர் 16 அன்று தேசிய எதிர்ப்பு முன்னணியை அறிவித்து ஆயுதம் ஏந்தியவர்களுள் முதன்மையானவர்கள் லெபனான் கம்யூனிஸ்டுகள். அவர்களுள் பெரும்பகுதியினர் தென் லெபனானின் ஷியா ஏழைக் குடும்பங்களில் பிறந்தவர்கள். போரிட்டதோ எல்லாச் சமயத்தாரும் வாழும் ஒரு தேசத்துக்காக. அம்மரபின் அறிஞர்களான ஹுசைன் முரூவா 1987 பிப்ரவரியிலும், மஹ்தி அமில் மே மாதத்திலும் பெய்ரூட்டில் சுட்டுக் கொல்லப்பட்டனர். பழி மதவாத ஆயுதக் குழுக்கள்மீதே பரவலாக விழுந்தது. எதிர்ப்புப் போரை ஒரு சமயப் பிரிவின் தனியுடைமையாக்க, முதலில் கம்யூனிஸ்டுகளை அகற்ற வேண்டியிருந்தது. ஈரானிலும் தூதே கட்சி 1983இல் தடைசெய்யப்பட்டது. 1988இல் சிறைகளில் தூக்கிலிடப்பட்டோருள் இடதுசாரிகள் பலர் இருந்தனர்.

ஆயினும் மக்கள் அடங்கிவிடவில்லை. 2019 அக்டோபரில் ஈராக்கின் நாசிரியா, பஸ்ரா, கர்பலா நகர்களில் வேலையும் மின்சாரமும் கேட்டுத் தெருவில் இறங்கியவர்கள் பெரும்பாலும் ஷியா இளைஞர்களே. மதப் பங்கீட்டு ஆட்சி ஒழிய வேண்டும், அமெரிக்காவும் வேண்டாம் ஈரானும் வேண்டாம், நாடு ஒன்றே வேண்டும் என்பது அவர்களது கோரிக்கை. 600க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். சுட்டவர்களுள் அரசுப் படையினரும் இருந்தனர். ஷியா மக்களின் காவலர் எனச் சொல்லிக்கொண்ட குழுக்களும் இருந்தன.

தமிழர் கற்ற பாடம்

அந்நிய அரசு ஆயுதம் கொடுக்கும் குழுவின் கதி என்ன என்பதைத் தமிழர்கள் நூலில் படித்து அறிய வேண்டியதில்லை. 1983க்குப் பின்னர் இலங்கைத் தமிழ்ப் போராளிக் குழுக்களுக்கு இந்திய அரசு பயிற்சியும் ஆயுதமும் அளித்தது. ஒடுக்கப்பட்ட மக்களின் நியாயமான கோரிக்கையைவிட, கொழும்பை வழிக்குக் கொண்டுவரும் கருவி அதற்குத் தேவைப்பட்டது. அந்த ஆயுதங்கள் 1986இலேயே தமிழர் நெஞ்சில் பாய்ந்தன. டெலோ அமைப்பின் இளைஞர்கள் புலிகளால் கொன்று குவிக்கப்பட்டனர். 1987 ஜூலை 29 ஒப்பந்தத்துக்குப் பின் சென்ற இந்திய அமைதிப்படை, தானே பயிற்சி அளித்தவர்களோடு போரிட்டது. 1,100க்கும் மேற்பட்ட இந்தியப் படையினர் மாண்டனர். தமிழ்ப் பொதுமக்கள் பட்ட துயர் சொல்லில் அடங்காது.

1989இல் அமைதிப்படை வெளியேறத் தொடங்கியபோது, மாகாண ஆட்சியில் இருந்த ஈ.பி.ஆர்.எல்.எஃப்.பும் அதன் கூட்டாளிகளும் இந்திய ஆதரவோடு தமிழ் தேசிய இராணுவம் என்ற ஒன்றை அமைத்தனர். பள்ளி மாணவர் உட்பட இளைஞர்கள் தெருவிலும் வீட்டிலும் பிடிக்கப்பட்டுத் துப்பாக்கி திணிக்கப்பட்டனர். 1990 மார்ச் 24 அன்று இந்தியப் படையின் கடைசிப் பிரிவு கப்பலேறியது. தலைவர்கள் இந்தியாவுக்குத் தப்பினர். பிடித்துச் செல்லப்பட்ட ஏழைத் தாய்மாரின் பிள்ளைகளில் பலர் புலிகளின் கையில் மாண்டனர். பின்னாளில் புலிகளும் அதே வழியில் சிறுவர்களைப் படையில் சேர்த்தனர். தரகு அரசு மாறலாம், கொடி மாறலாம், மொழி மாறலாம். இஸ்லாம் காலா எல்லையில் நின்ற தாயும் மட்டக்களப்பில் மகனைத் தேடிய தாயும் கேட்ட கேள்வி ஒன்றே.

நிலைபாடும் கடமையும்

ஆகவே நிலைபாடு தெளிவாக வேண்டும். மேற்காசியாவின் முதற்பெரும் எதிரி அமெரிக்க ஏகாதிபத்தியமும் அதன் இஸ்ரேலிய அடியாளும்தான். காசாவின் இனப்படுகொலை, லெபனான், ஈரான்மீதான தாக்குதல்கள், பொருளாதாரத் தடைகள் ஆகியவற்றை நிபந்தனையின்றி எதிர்க்க வேண்டும். ஆக்கிரமிப்பை எதிர்க்கும் உரிமை பாலஸ்தீன, லெபனான் மக்களுக்கு உண்டு. அந்த உரிமையைக் காக்கும் அதே வேளையில், ஓர் அரசு தன் நலனுக்காக அயல்நாட்டு ஏழைகளையும் அகதிகளையும் கூலிக்கு அமர்த்தி வேறொரு மக்களின் உள்நாட்டுப் போரில் தள்ளுவதை ஏகாதிபத்திய எதிர்ப்பு என்று ஏற்க முடியாது. ஆள் சேர்ப்பவர் யார், பணம் கொடுப்பவர் யார், சாகிறவர் யார், வென்றபின் தொழிற்சங்கத்துக்கும் பெண்களுக்கும் சிறுபான்மையினருக்கும் இடம் இருக்குமா என்ற நான்கு கேள்விகளைக் கேட்டாலே போதும். தோழர்கள் தடம் புரள மாட்டார்கள்.

இக்கேள்விகள் பாலக்காட்டிலும் இடுக்கியிலும் நடைமுறைக் கேள்விகளாகவே வந்து நிற்கின்றன. அண்டை மாவட்டமான திருச்சூரைச் சேர்ந்த இரு இளைஞர்கள், வேலை என நம்பிச் சென்று ரஷ்யப் படையில் சேர்க்கப்பட்டு உக்ரைன் போரில் மாண்டனர். இவ்வாறு மாண்ட இந்தியர் 12 பேர் என 2025 ஜனவரியில் ஒன்றிய அரசே தெரிவித்தது. பாலஸ்தீனத் தொழிலாளர்களை இஸ்ரேல் வெளியேற்றிய இடத்தை நிரப்ப, அரசு ஒப்பந்தத்தின் பேரிலேயே இந்தியக் கட்டுமானத் தொழிலாளர்கள் அனுப்பப்பட்டனர். ஈரான் அகதிகளிடம் சமயத்தைச் சொல்லி ஆள் சேர்த்தது. இங்கு முகவர்கள் சம்பளத்தைச் சொல்லி ஆள் சேர்க்கின்றனர். இரண்டுக்கும் அடியில் இருப்பது வறுமை. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் 70 உயிர்களை மண் மூடியபோது, தோட்டத் தொழிலாளியின் லயம் எத்தகையது என்பதை நாடே கண்டது. அந்த லயத்திலிருந்து வெளியேற ஓர் இளைஞர் எந்தத் தாளிலும் கையொப்பமிடத் துணிவதில் வியப்பில்லை.

எனவே கட்சிக் கிளைகள் செய்ய வேண்டியவை பல. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, முதலமடை, மறையூர், வட்டவடை, குமுளி பகுதிகளில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர்கள் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி பதிவு பெற்றவர்களா எனத் தொழிற்சங்கமும் வாலிபர் அமைப்பும் விசாரித்து மக்களுக்குச் சொல்ல வேண்டும். ஒப்பந்தத் தாள் எந்த மொழியில் இருந்தாலும், கையொப்பமிடுமுன் அதைத் தமிழில் படித்துக் காட்டக் கிளை அலுவலகத்தில் ஒருவர் இருக்க வேண்டும். போர் முனைகளுக்குத் தொழிலாளரை அனுப்புவதை ஒன்றிய அரசு நிறுத்த வேண்டும், ஏற்கெனவே மாண்டவர் குடும்பங்களுக்கு இழப்பீடு வழங்க வேண்டும் என்ற கோரிக்கைகளைப் பஞ்சாயத்துத் தோறும் எழுப்ப வேண்டும். தமிழில் படிப்பவரிடம் மேற்காசியச் செய்தி பெரும்பாலும் கைபேசி வழி வரும் வதந்தியாகவே சேர்கிறது. அந்த இடத்தைக் கட்சிக் கல்வி நிரப்பாவிட்டால் மதவெறியர் நிரப்புவர்.

தென் லெபனானின் புகையிலை வயலிலும், ஹெராத்தின் எல்லைச் சாவடியிலும், மூணாற்றின் தேயிலைச் சரிவிலும் வாழும் தாய்மாருக்குள் பகை ஏதும் இல்லை. அவர்களுடைய பிள்ளைகளை எதிரெதிரே நிறுத்தியவர்களை அடையாளம் காட்டுவதும், அடுத்த பிள்ளை போகுமுன் தடுப்பதும் இன்றைய உடனடிப் பணி.